வெள்ளிமலைக்குப் போய்க் கேளு

கல்வராயன் மலையின் உட்பகுதியில் உள்ளது எங்கள் ஊர். அங்கே எந்த ஊருக்கு வழி கேட்டாலும் விடை ஒன்றுதான்: "வெள்ளிமலைக்குப் போய்க் கேளு." சேலமானாலும் சென்னையானாலும் அதே விடை. இதே விடையைக் கணிப்பொறி ஆய்வகத்திலும் சந்திப்பேன் என்று நான் எண்ணியதில்லை.

சென்ற பருவத்தில் ஓ.எஸ்.பி.எஃப். என்னும் வழித்தேர்வு நெறிமுறை எங்களுக்குச் செய்முறைப் பாடமாக வந்தது. ரூட்டர்கள் தமக்குள் செய்தி பரிமாறி, வலையமைப்பின் வரைபடத்தை அறிந்து, செலவு குறைந்த வழியைத் தாமே கணக்கிடும் முறை அது. கணக்கு டைக்ஸ்ட்ராவுடையது. 1956 இல் ஆம்ஸ்டர்டாம் கடைவீதியில் சுற்றிக் களைத்தவர், காபி அருந்தியபடியே 20 நிமிடத்தில், காகிதமும் பென்சிலும் இல்லாமல் அதைக் கண்டாராம். நமக்கோ அதை எழுதிக் காட்டத் தேர்வு நேரம் போதவில்லை!

பேக்கெட் ட்ரேசர் மென்பொருளில் என் ரூட்டர்களுக்கு நம் ஊர்ப் பெயர்களையே இட்டேன். கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குக் கச்சிராயபாளையம் வழியாக ஒரு பாதை; இரண்டு இணைப்புகள், 100 மெகாபிட் வேகம். சங்கராபுரம், சேராப்பட்டு வழியாகச் சுற்றிவரும் மற்றொரு பாதை. மூன்று இணைப்புகள், கிகாபிட் வேகம். ரூட்டரோ மெதுவான பாதையையே பிடித்துக்கொண்டது. காரணம் பிறகு தெரிந்தது. 100 மெகாபிட்டை அளவுகோலாக வைத்தே செலவு கணக்கிடப்படுகிறது. அதைவிட வேகமான இணைப்புக்கும் செலவு 1தான். எல்லா ரூட்டர்களிலும் அளவுகோலை 10,000 ஆக்கினேன். ஒன்றின் செலவு 200, மற்றதன் செலவு 30 என்றாயிற்று, பாதையும் மாறியது.

அடுத்து, எங்கள் ஊரையும் பக்கத்துச் சிற்றூரையும் தனி ஏரியாவாக்கி, 'ஸ்டப்' என்று அறிவித்தேன். அப்படி அறிவித்தால் வெளியுலக வழிகளின் பட்டியல் உள்ளே வராது. 'நோ சம்மரி' என்றும் சேர்த்தால் மற்ற ஏரியாக்களின் வழிகளும் வாரா. எல்லை ரூட்டர் ஒரே ஒரு பொது வழியைச் சொல்லும். வெள்ளிமலைக்குப் போய்க் கேளு! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் எங்கள் ஊர் ரூட்டரில் 'ஸ்டப்' என்று எழுத மறந்திருந்தேன். அது அனுப்பிய ஹலோவை வெள்ளிமலை ஏற்கவில்லை. ஹலோ 10 வினாடிக்கு ஒருமுறை வரவேண்டும்; 40 வினாடி வராவிட்டால் அண்டை ரூட்டர் இறந்ததாகவே கொள்ளப்படும்.

ஒரு மழைக்காலத்தில் வெள்ளிமலையிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் சாலையில் மண் சரிந்தது. தொலைபேசியும் எட்டவில்லை. இரண்டு நாட்கள் அம்மாவின் எண்ணை மறுபடி மறுபடி அழைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அழைப்பு வந்தது: "சேராப்பட்டுல இருந்து பேசறேன். நல்லாத்தான் இருக்கேன்."

பிழையைத் திருத்தியபின், சோதித்துப் பார்க்க இணைப்புகளைத் துண்டித்தேன். சேராப்பட்டுப் பக்கம் துண்டித்தால் கச்சிராயபாளையம் வழியாகத் தகவல் சென்றது. வெள்ளிமலைக்கும் எங்கள் ஊருக்கும் இடையில் துண்டித்தபோது பட்டியலில் பொது வழியே இல்லாமற் போயிற்று. "இருக்கிற பாதைகளிலே எது நல்லதுன்னுதான் அது பார்க்கும். பாதையை நீதான் போடணும்" என்றார் பேராசிரியர்.

எங்கள் ஊரிலிருந்து சேராப்பட்டுக்கு ஒரு கோடு இழுத்தேன். சேராப்பட்டையும் எல்லை ரூட்டராக்கி, இம்முறை மறவாமல் 'ஸ்டப்' எழுதினேன். சிறிது நேரத்தில் ஹலோ வந்தது. திரையில் அது ஒரு நொடி வேலை. தரையில் அங்கே இருப்பது காட்டினூடே செல்லும் ஒற்றையடிப் பாதை. அம்மா அன்று நடந்து வந்தது அதில்தான்.