அத்தை திறக்கச் சொன்ன பெட்டி

திருவண்ணாமலைக்குப் போனவர்கள் ரமணாசிரமத்தில் அந்தச் சிறு அறையைப் பார்த்திருப்பீர்கள். 1950 ஏப்ரல் 14-ம் தேதி இரவு ரமண மகரிஷி மகாசமாதி அடைந்தது அங்கேதான். இடது முழங்கையருகே ஒரு கட்டி. சார்க்கோமா என்னும் புற்று. 1949-ல் மட்டும் நான்கு தடவை அறுத்தார்கள், ரேடியமும் வைத்தார்கள். கடைசி வரையில் சுற்றிலும் தொண்டர்கள், வைத்தியர்கள். வெளியே 'அருணாசல சிவ' என்று பக்தர்களின் குரல்.

மகானுக்குச் சரி. அதே ஊரில் இருந்த என் அத்தைக்கு?

கர்ப்பப்பையில் புற்று. "இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக் கொள்ளுங்கள்" என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். எப்படிப் பார்த்துக் கொள்வது? அதை யாரும் சொல்லவில்லை. பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்த உறவினரெல்லாம் ஓர் எட்டு எட்டிப் பார்த்தார்கள். கஞ்சித் தண்ணீரே இறங்காதவளுக்கு ஆப்பிளும் ஹார்லிக்ஸும் குவிந்தன!

துணி மாற்றுவது, ஊதுவத்தி ஏற்றி வாடையை மறைப்பது, நடுநிசியில் முனகல் கேட்டு எழுந்து ஓடுவது எல்லாம் மருமகள் ஒருத்திதான். "நீ தூங்கினாயா?" என்று அவளை ஒருவர் கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் உபதேசம் எழுதும் நானும் கேட்கவில்லை.

வலிக்கு மார்பின் மாத்திரை உண்டு, சகோதரிகளே. 1985-ம் வருஷத்துப் போதைப் பொருள் சட்டத்தின் கெடுபிடிக்குப் பயந்து பல ஆஸ்பத்திரிகள் அதை வாங்குவதையே விட்டுவிட்டன. 2014-ல் சட்டத்தைத் தளர்த்தினார்கள். பயம் அத்தனை சுலபத்தில் தளரவில்லை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவ'த்தில் இப்படிப்பட்ட நோயாளிகளை நர்ஸ் வீட்டுக்கே வந்து பார்ப்பது உண்டு. எங்களுக்கு அது தெரிந்தபோது கடைசி மூன்று வாரம்தான் மிச்சம். வந்த பெண் மெட்ரனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் வைத்தாள். இரண்டொரு நாளில் வாடை அடங்கியது. இவ்வளவுதானா என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. உங்கள் வீட்டில் யாரேனும் அப்படிப் படுத்திருந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்றே விசாரித்து விடுங்கள்.

வியாதியின் பெயரை அத்தையிடம் யாரும் சொல்லக் கூடாதென்று கட்டுப்பாடு. நானும், "கார்த்திகை தீபத்துக்கு எழுந்து உட்காருவீர்கள், அத்தை" என்றேன்.

"ஏண்டி, நீயுமா?" என்றாள். "தீபத்துக்கு நான் இருக்க மாட்டேன். அந்தப் பெட்டியைத் திற. அரக்குப் பட்டை என் மருமகளுக்குக் கொடுக்கணும். நான் பார்க்கவே அவள் கட்டிக் கொள்ளட்டும்."

சாவியைத் தேடினேன். அவள் தலையணைக்கு அடியிலேயே இருந்தது.