இரண்டு பிரேக் பெடல்கள்

எங்கள் வீட்டு டிராக்டரில் வேகம் காட்டும் முள் கிடையாது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரே ஒரு வட்ட மீட்டர் இருந்தது. மேலே இன்ஜினின் சுற்று, கீழே சின்னக் கட்டத்தில் வண்டி மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்ற எண். அப்பாவுக்கு அந்த எண் மட்டும் போதும். டிராக்டர் வாடகை என்பது மணிக்கணக்கு. கொல்லையில் கலப்பை இறங்கியதும் கணக்கு ஆரம்பிக்கும், தூக்கியதும் முடியும். ஒரு கொல்லையிலிருந்து அடுத்த ஊர்க் கொல்லைக்கு ரோட்டில் ஓடும் நேரத்துக்கு யாரும் காசு தர மாட்டார்கள்.

ரோட்டில் டிராக்டர்காரன் ஏன் அப்படிப் பறக்கிறான் என்று காரில் போகிறவர்கள் கேட்பதை நிறையக் கேட்டிருக்கிறேன். திமிர், குடி, பாட்டு சத்தம் என்று காரணம் சொல்வார்கள். அதெல்லாமும் உண்டு. ஆனால் முதல் காரணம் அந்தக் காசில்லாத நேரம்தான். கரும்பு சீசனில் இது இன்னும் மோசம். ஆலை வாசலில் வரிசை, நடைக்கு இவ்வளவு என்று கூலி. முன்னால் போய் நிற்கிறவனுக்கு ராத்திரிக்குள் இன்னொரு நடை கிடைக்கும்.

எங்கள் ஊர் கள்ளக்குறிச்சிப் பக்கம். அப்போது அது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. எங்கள் டிராக்டரை ஓட்டியவர் காலனியிலிருந்து வந்தவர். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். வீட்டில் என் தம்பி உட்பட எல்லோரும் அவரைப் பேர் சொல்லி, ஒருமையில்தான் கூப்பிடுவார்கள். நான் மட்டும் ‘அண்ணா’ என்பேன். அதற்காக எனக்குள் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. பின்னால் அந்தப் பெருமைக்கு என்ன மதிப்பு என்று தெரிந்துகொண்டேன்.

பத்து வயதிலிருந்து அவர் பக்கத்தில் மட்கார்டில் உட்கார்ந்து போயிருக்கிறேன். பதினான்கில் கொல்லைக்குள் ஸ்டியரிங் கொடுத்தார். பதினாறில் ரோட்டிலும். “டாப்புல போட்டாலும் முப்பதுதான் தம்பி போவும். அதுக்கு மேல வேணும்னா எறக்கத்துல கியரப் புடுங்கிடணும்” என்று அவரே ஒருநாள் சொல்லிவிட்டு, “நீ செய்யாத” என்றும் சொன்னார். பதினாறு வயசுப் பையனுக்கு முதல் வாக்கியம் மட்டும்தான் காதில் விழும்.

அதன் விஷயம் எளிமையானது. டீசல் இன்ஜினில் கவர்னர் என்று ஒன்று இருக்கிறது. குறிப்பிட்ட சுற்றுக்கு மேல் போகாமல் எரிபொருளைக் குறைத்துவிடும். கியரில் இருக்கும்வரை சக்கரம் இன்ஜினுக்குக் கட்டுப்பட்டது. நியூட்ரலில் விட்டால் அந்தக் கட்டு அறுந்துபோகும். அதற்குப்பிறகு வண்டியை இழுப்பது பூமி. சத்தம் அடங்கி, காற்று காதில் அடிக்கும். அந்த இரண்டாயிரம் கிலோ இரும்பு திடீரென்று எடையில்லாதது மாதிரி இருக்கும்.

டிராக்டரும் வேகமும் ஆரம்பத்திலிருந்தே இப்படி ஒரு வேண்டாத உறவில்தான் இருக்கின்றன. 1930கள் வரை டிராக்டர்களுக்குப் பெரும்பாலும் இரும்புச் சக்கரம், அதில் பற்கள். காற்றடைத்த ரப்பர் டயர் வந்தபோது விவசாயிகள் நம்பவில்லை. அவர்களை நம்பவைக்க அமெரிக்காவில் அல்லிஸ்-சால்மர்ஸ் கம்பெனி கார் பந்தய வீரர்களைக் கூட்டிவந்து கண்காட்சிகளில் டிராக்டர் ஓட்டவிட்டது. 1933இல் டல்லாஸில் பார்னி ஓல்ட்ஃபீல்டு அவர்களுடைய மாடல் யூ டிராக்டரை மணிக்கு 64 மைல், அதாவது 103 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். விதைக்கவும் உழவும் செய்த இயந்திரம் பொது ரோட்டுக்கு வர முடிந்ததே அந்த டயரால்தான். 2019இல் இங்கிலாந்தில் கை மார்ட்டின் ஒரு ஜேசிபி ஃபாஸ்ட்ராக்கைச் சராசரியாக 217 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி கின்னஸ் சாதனை செய்தார். அந்த வீடியோவை நான் ஆபீஸ் கேன்டீனில் உட்கார்ந்து பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துக்கொண்டே பார்த்தார்கள். என் வலது கால் மேஜைக்குக் கீழே தானாக அழுந்தியதை அப்புறம்தான் கவனித்தேன்.

அந்த ஃபாஸ்ட்ராக்குக்கு முன்னாலும் பின்னாலும் சஸ்பென்ஷன் உண்டு, நான்கு சக்கரத்துக்கும் பிரேக் உண்டு, ஓடியது மூடப்பட்ட விமானத் தளத்தில். எங்கள் வண்டி வேறு வகை. பின் அச்சுக்கு ஸ்பிரிங் எதுவும் கிடையாது. டயருக்குள் இருக்கும் காற்றுதான் ஸ்பிரிங். சேற்றில் பிடிப்புக்காகப் பின் டயரில் தண்ணீர் ஏற்றியிருப்போம். அதனால் ஒரு வேகத்துக்கு மேல் வண்டி குதிக்க ஆரம்பிக்கும். பின்னால் கலப்பை தூக்கியிருந்தால் முன் சக்கரத்தின் பாரம் குறைந்து, திருப்பினாலும் கேட்காது. பிரேக் பின் சக்கரங்களுக்கு மட்டும்தான். அதுவும் ஒன்றல்ல, இரண்டு. வலது சக்கரத்துக்கு ஒரு பெடல், இடது சக்கரத்துக்கு ஒரு பெடல். இரண்டும் வலது காலுக்குக் கீழே பக்கம் பக்கமாக இருக்கும். வரப்போரம் வந்ததும் ஒரு பக்கத்து பிரேக்கை மட்டும் மிதித்தால் அந்தச் சக்கரம் நின்றுகொண்டு வண்டி நின்ற இடத்திலேயே சுழலும். கொல்லைக்கு அது வரம். ரோட்டுக்கு வரும்போது இரண்டு பெடலையும் சேர்த்து ஒரு கொக்கி போட வேண்டும். விரல் நீள இரும்பு. டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

2006 ஜூலை. பிளஸ் டூ முடித்து, நுழைவுத் தேர்வும் எழுதி, அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சிலிங்குக்குக் காத்திருந்தேன். ஏரிக்கு அந்தப்பக்கம் எங்களுக்கு ஒரு கிணற்றுக் கொல்லை. சேற்றுழவு முடிந்து கேஜ் வீலைக் கழற்றிப் போட்டோம். அண்ணா வாய்க்காலில் கால் கழுவப் போனார். “நான் எடுத்துட்டுப் போறேண்ணா, நீங்க நடந்து வாங்க” என்றேன். அவர் ஏதோ சொன்னார். இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. கொக்கியைப் பற்றித்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டபோது, “ஞாபகமில்ல தம்பி, சோறு எடுத்து வைக்கச் சொன்னனோ என்னமோ” என்றார்.

எங்கள் ஊர் ரோடு ஏரிக்கரை மேலே ஏறி, ஊர்ப்பக்கம் இறங்கும். கரையின் உச்சியில் கியரைப் பிடுங்கினேன். கீழே, எதிரே, ஒரு டிவிஎஸ் 50 வந்தது. இரண்டு பக்கமும் பால் கேன். அவர் அவருடைய பக்கத்தில்தான் வந்தார். இறக்கத்தின் பாதியில் வண்டி குதிக்கத் தொடங்கியதும் பயந்து பிரேக்கை மிதித்தேன். என் கால் வலது பெடலை மட்டும் மிதித்தது. வலது சக்கரம் பிடித்துக்கொண்டது. டிராக்டர் ரோட்டுக்குக் குறுக்கே, வலது பக்கமாக, அவர் மேல் திரும்பியது.

கல்லூரியில் இரண்டாம் வருடம் ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கரையின் உயரம் பதினைந்து அடி. உச்சியில் என் வேகம் 25 இருந்திருக்கும். உராய்வே இல்லையென்று வைத்துக்கொண்டாலும் கீழே வரும்போது 42 கிலோமீட்டர்தான் வரும். எனக்கு அன்று எண்பது மாதிரி இருந்தது. நாற்பத்திரண்டு. நான் இப்போது ஸ்கூட்டரில் பால் வாங்கப் போகும் வேகம். ஆனால் இருபத்தைந்தோடு ஒப்பிட்டால் நிறுத்த வேண்டிய ஆற்றல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அதை நிறுத்த என்னிடம் இருந்தது ஒரு சக்கரம்.

பால்காரர் பிழைத்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் நொறுங்கியது. ரோட்டில் பால் ஓடி, தாரின் மேல் வெள்ளையாக, சூட்டில் வேகமாகக் காய்ந்ததுதான் எனக்கு இப்போதும் முதலில் ஞாபகம் வருகிறது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவர் முகம் அல்லவா ஞாபகம் வரவேண்டும்.

அப்பா வந்து சேர்ந்தபோது அண்ணாவும் மூச்சிரைக்க ஓடி வந்திருந்தார். அப்பா என்னைப் பார்க்கவேயில்லை. அவரைப் பார்த்தார். இரண்டு பேரும் கரையோரம் போய்ப் பேசினார்கள். ஐந்து நிமிடம் இருக்கும். அண்ணா திரும்பி வந்து, “நீ வூட்டுக்குப் போ தம்பி” என்றார். ராத்திரி ஸ்டேஷனில் வண்டி ஓட்டியவர் என்ற இடத்தில் அவர் கையெழுத்து விழுந்தது.

எனக்குப் பதினேழு வயது, லைசென்ஸ் இல்லை. லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டியது என்றால் இன்சூரன்ஸ் கம்பெனி இழப்பீட்டை அப்பாவிடமிருந்து வசூலிக்கும். அண்ணாவிடம் லைசென்ஸ் இருந்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 199ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோ மூன்று ஆண்டுவரை சிறை. அந்தச் செய்தியைப் படித்த அன்று அப்பாவுக்கு அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை.

செப்டம்பரில் நான் கல்லூரி ஹாஸ்டலில் இருந்தேன். அண்ணா மீது இந்தியத் தண்டனைச் சட்டம் 279, 338. கொடுங்காயம் என்பதால் 338. ஐந்து வருடம் வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒருநாள் கூலி போகும். அப்பா வக்கீலுக்குப் பணம் கட்டினார், பஸ் செலவு கொடுத்தார், அதையே பெரிய உதவியாக இப்போதும் சொல்வார். கடைசியில் அண்ணா குற்றத்தை ஒப்புக்கொண்டு, அபராதம் கட்டி முடித்தார். அந்த அபராதமும் அப்பா கொடுத்ததுதான்.

அவருக்கு ஒரு திட்டம் இருந்தது. ஹெவி லைசென்ஸ் எடுத்து அரசு பஸ்ஸில் டிரைவராகப் போவது. மட்கார்டில் உட்கார்ந்திருந்த காலத்தில் எனக்கு அதைப் பற்றி அவ்வளவு சொல்லியிருக்கிறார். காக்கிச் சட்டை, பென்ஷன், தீபாவளி போனஸ். வழக்கு நிலுவையில் இருந்த வருடங்களில் அவர் விண்ணப்பம் போடவேயில்லை. துபாய்க்கு ஆள் எடுத்தபோது பாஸ்போர்ட்டுக்கு ஸ்டேஷனிலிருந்து அறிக்கை போக வேண்டும் என்று தெரிந்து, அதையும் விட்டுவிட்டார். எனக்கு 2013இல் பாஸ்போர்ட் வந்தது. விசாரிக்க வந்த போலீஸ்காரர் அம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, “பையன் மேல ஒன்னும் இல்லையே” என்றார். அம்மா, “அய்யய்யோ, ஒன்னும் இல்லைங்க” என்றாள்.

அந்தப் பாஸ்போர்ட்டில் ஜெர்மனிக்கு ஆன்சைட் போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் போனபோது பின்னால் ஒரு டிராக்டர் வந்து, ஒதுங்கி, மெதுவாகத் தாண்டியது. பின்புறத்தில் வட்டமாக 40 என்று எழுதியிருந்தது. அந்த வண்டியின் உச்ச வேகம் அது. ஓட்டியவனுக்குப் பதினாறு, பதினேழு வயது இருக்கும். அங்கே டிராக்டருக்கென்றே டி வகுப்பு லைசென்ஸ் உண்டு, பதினாறு வயதில் எடுக்கலாம், பதினெட்டுவரை 40 கிலோமீட்டர் வண்டிதான். பாடம் படித்து, பரிட்சை எழுதி, ஓட்டிக் காட்ட வேண்டும். சைக்கிளை நிறுத்திவிட்டு அவன் வளைவில் மறையும்வரை பார்த்தேன். என் வயதில் அவன் செய்ததும் நான் செய்ததும் ஒரே வேலைதான்.

போன வருடம் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பால்காரரைப் பார்க்கப் போனேன். பத்தொன்பது வருடம். இப்போது பால் ஊற்றுவதில்லை, மகன் பார்த்துக்கொள்கிறான். திண்ணையில் வலது காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஊரிலிருந்து கிளம்பும்போது தயார் செய்த வாக்கியம் வாயில் வரவில்லை. “அன்னிக்கு வண்டி ஓட்னது நான்தாங்க” என்று மட்டும் சொன்னேன்.

“தெரியுமே” என்றார்.

எனக்குப் புரியவில்லை.

“எதுக்க வந்தது நானு. மூஞ்சியப் பாக்காமயா இருப்பன்? உங்க அப்பா ஆஸ்பத்திரிக்கு வந்து சொன்னாரு. லைசென்ஸ் இருக்கறவன் பேருல இருந்தாத்தான் துட்டு சீக்கிரம் கையில வரும்னாரு. எனக்கும் அதான வேணும். ரெண்டு புள்ளைங்க.”

அதாவது அந்தப் பொய்யில் அப்பாவுக்குப் பங்கு இருந்தது, அடிபட்டவருக்குப் பங்கு இருந்தது, எனக்கு ஒரு என்ஜினியரிங் சீட்டே இருந்தது. எல்லோருக்கும் ஏதோ ஒன்று கிடைத்தது. அண்ணாவுக்கு என்ன கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. அவராகவே, “அந்தப் பையன்தான் பாவம். மாசத்துக்கு ஒருக்கா வந்து பாப்பான். கோர்ட்டுல பாக்கும்போதும் டீ வாங்கிக் குடுப்பான்” என்றார். நான் மாதத்துக்கு ஒருமுறை அல்ல, ஒருமுறைகூட வந்ததில்லை.

அண்ணாவுக்கு இப்போது நாற்பத்தெட்டு. இன்னமும் டிராக்டர்தான், வேறொருவருடையது. அவர் மகள் கள்ளக்குறிச்சியில் நர்சிங் படிக்கிறாள். ஃபீஸ் நான் கட்டுகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “கட்டு. ஆனா அதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போடாத” என்றார். அப்புறம், முதல்முறையாக, என் கண்ணைப் பார்க்காமல் சொன்னார்: “அன்னிக்கு உங்க அப்பா கேக்கல தம்பி. சொன்னாரு.”

ஏரிக்கரையில் அப்பாவும் அவரும் பேசிய அந்த ஐந்து நிமிடத்தை நான் எத்தனையோ விதமாகக் கற்பனை செய்திருந்தேன். எல்லாவற்றிலும் அப்பா கெஞ்சினார், அண்ணா பெருந்தன்மையாகச் சம்மதித்தார். அந்தக் கற்பனை எனக்கு வசதியாக இருந்தது. அண்ணா என்று கூப்பிட்டவனுக்கு, அவர் அண்ணனாக இருந்து செய்தார் என்று.

அப்பாவிடம் இதை இன்னும் பேசவில்லை. அவருக்குப் போன மாதம் பைபாஸ் ஆனது. அம்மா இப்போது வேண்டாம் என்கிறாள். இந்தக் கட்டுரை வந்ததும் தம்பி எப்படியும் அவருக்குப் படித்துக் காட்டுவான்.

அன்று கிளம்பும்போது அண்ணா ஒரு உழவுக்குப் போகத் தயாராக இருந்தார். ரோட்டுமுனைவரை வருகிறாயா என்றார். மட்கார்டில் ஏறி உட்கார்ந்தேன். உட்காரும் இடம் எனக்குச் சின்னதாகிவிட்டிருந்தது. அவர் ஸ்டார்ட் செய்வதற்கு முன் குனிந்து, கையால் தடவிப் பார்த்து, கொக்கியை மாட்டினார். ரோட்டுமுனைவரை இரண்டாவது கியரிலேயே போனோம். பின்னால் ஒரு கார் ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தது.