பின்னால் நிற்கிறவர்

இன்று கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு கால்பந்து வீரரைப் பற்றிச் சொல்லப் போகிறேன். "டீச்சருக்கும் புட்பாலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிரிக்காதீர்கள். நம் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர் கிடையாது. கடைசிப் பீரியடில் விசிலை எடுத்துக்கொண்டு வந்தது நான்தான். நீங்கள் இருபது பேரும் ஒரே பந்தின் பின்னால் ஓடுவீர்கள். "ரெண்டு பேர் கோல் பக்கம் நில்லுங்கடா" என்றால் ஒருத்தரும் நிற்க மாட்டீர்கள். "டீச்சர், அங்க நின்னா பந்தே வராது" என்பீர்கள்.

அப்படிப் பின்னால் நின்றே பெயர் வாங்கியவர் ஜர்னைல் சிங். 1936ல் பிறந்தவர். பஞ்சாபில் ஹோஷியார்பூர் மாவட்டத்தைச் சேர்ந்தவர். மகில்பூர் கால்சா கல்லூரியில் படித்துவிட்டுக் கல்கத்தா போனார். 1959 முதல் பத்தாண்டு காலம் மோகன் பகான் அணியில் தடுப்பாட்டக்காரர். 1960 ரோம் ஒலிம்பிக்கிலும் ஆடினார். எதிரணி ஆள் அவரைத் தாண்டிப் போவது லேசான காரியம் இல்லை.

1962ல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. தாய்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் அவருக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டார்கள். அந்தத் தலையோடு தடுப்பாட்டம் ஆட முடியாது. ஆனால் ஆள் வேண்டும். பயிற்சியாளர் ரஹீம் அவரை முன்வரிசைக்கு அனுப்பினார். அரையிறுதியில் தென் வியட்நாமுக்கு எதிராக ஒரு கோல் போட்டார். செப்டம்பர் 4ஆம் தேதி இறுதி ஆட்டம், எதிரில் தென் கொரியா. கூட்டம் முழுக்க நமக்கு எதிராகக் கத்தியது. பி.கே. பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் ஒரு கோல். 2–1 என்று தங்கம் நமக்கு. கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ், வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்ட் அணியில் ஆடி வளர்ந்தவர். அதற்குப் பிறகு இன்றுவரை ஆசிய விளையாட்டில் ஆண்கள் கால்பந்துத் தங்கம் நமக்குக் கிடைக்கவில்லை.

பிறகு அவர் இந்திய அணிக்குத் தலைவர் ஆனார், 1964ல் அர்ஜுனா விருதும் பெற்றார். எனக்கு அதைவிடப் பிடித்தது அதற்கு அப்புறம் நடந்தது. பெயர் கொடுத்த கல்கத்தாவை விட்டுச் சொந்த மாநிலத்துக்குத் திரும்பினார். 1970ல் பஞ்சாப் முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையை வென்றபோது ஆட்டக்காரரும் அவரே, பயிற்சியாளரும் அவரே. 1974ல் மறுபடி வென்றார்கள், வங்காளத்துக்கு எதிராக 6–0. அன்று அவர் பயிற்சியாளர். பிறகு மாநில விளையாட்டுத் துறையில் அதிகாரியாக இருந்து, இயக்குநராகி, 1994 வரை வேலை பார்த்தார். 2000ல் கனடாவில் காலமானார். ஆடிய காலத்தைவிட, அடுத்தவரை ஆட வைத்த காலம்தான் அதிகம்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன்? போன மாதம் ராஜபாளையத்திலிருந்து ஒரு பழைய மாணவன் போன் செய்தான். மில்லில் ஷிப்ட் வேலை பார்க்கிறவன். அவன் மகன் பள்ளி டீமில் இருக்கிறான். கோச் அவனைப் பேக்கில் போட்டுவிட்டாராம், பையன் அழுதுகொண்டு வந்தானாம். "டீமை விட்டு நிப்பாட்டிரட்டுமா டீச்சர்?" என்று கேட்டான். நான் ஜர்னைல் சிங் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னான்:

"டீச்சர், எங்க வீட்ல நானும் பேக் தானே. தம்பிக ரெண்டு பேரும் வெளியூர்ல. ஆஸ்பத்திரி, கரண்டு பில்லு எல்லாம் நான்தான். தம்பிக வந்தா அம்மா கறிக்கொழம்பு வைக்கும். நான் தெனமும் கூடவே இருக்கேன்ல, அதனால கண்ணுக்குத் தெரியிறதில்ல. எம்மவனும் அப்படியே நிக்கணுமா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. அவன் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஜர்னைல் சிங்கைப் பற்றிப் பேசுகிறவர்களும் அவர் முன்னால் போய்ப் போட்ட கோல்களைத்தான் முதலில் சொல்கிறார்கள். பின்னால் நின்று தடுத்த பந்துகளை யார் எண்ணி வைத்தார்கள்? 2–1 என்பதில் அந்த இரண்டு யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும். கொரியாவின் கணக்கு ஒன்றோடு நின்றதே, அது யாரால் என்று ஒருவரும் கேட்பதில்லை.

நம் ஸ்ரீவில்லிபுத்தூர் தேரை நினைத்துப் பாருங்கள். வடம் பிடிக்க ஊரே வரும். சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர்கள் சில பேர்தான். தேர் திரும்புவதும் நிற்பதும் அவர்கள் கையில். கொஞ்சம் தவறினால் முதலில் போவது அவர்கள் உயிர்.

அவனிடம் இரண்டே விஷயம் சொன்னேன். "உன் வருத்தத்தை வைத்துப் பையனை நிறுத்தாதே. ஆடப் பிடிக்கிறதா என்று அவனையே கேள், பிடித்தால் ஆடட்டும். மேட்ச் அன்றைக்கு நீ போய் நில்லு, அவன் தடுக்கிற ஒவ்வொரு பந்துக்கும் கை தட்டு. ரெண்டாவது, உன் தம்பிகளிடம் வாய் திறந்து கேள். ஒரு மாதம் வந்து அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொல். கேட்பதில் குறைச்சல் ஒன்றுமில்லை."

இதைத் திருப்பூரிலும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்து படிக்கிற என் பிள்ளைகளுக்கும், நம் சொந்தக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் முன்னால் ஓடிக் கோல் போட்டீர்கள், எனக்கு ரொம்பப் பெருமை. ஆனால் உங்கள் வீட்டில் யாரோ ஒருவர் பின்னால் நிற்கிறார். அண்ணனோ, அக்காவோ, மதினியோ. இன்று ராத்திரி அவருக்குப் போன் போடுங்கள். அம்மாவிடம் கொடு என்று சொல்வதற்கு முன்னால், "நீ சாப்பிட்டியா, உனக்கு என்ன வேணும்?" என்று அவரைக் கேளுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்