வடு இருக்கும் இடம்

எனக்கு ஊர் ஏரியூர்; தொழில், கணினிக்குள் இதயத்தைத் துடிக்கவைப்பது. கோடையில் எங்கள் பக்கத்து மலைச்சரிவில் காய்ந்த புல் பற்றிக்கொண்டால் தீ முன்னால்தான் போகும், கரிந்த இடத்துக்குத் திரும்பாது. மறுபடி புல் முளைத்தால்தான் அந்த இடம் பற்றும். இதயத் தசையில் மின் அலை ஓடுவதும் இப்படித்தான். சோடியம் உள்ளே பாய்ந்து செல்லைக் கிளப்பும், கால்சியம் அந்த நிலையை நீட்டிக்கும், பொட்டாசியம் வெளியேறி அடக்கும். கீழறைச் செல்லில் இதெல்லாம் முடிய ஏறக்குறைய 300 மில்லிநொடி ஆகும். அதில் பெரும்பகுதி நேரம் செல் இன்னொரு தூண்டுதலுக்கு அசையாது.

அலை எங்காவது அறுந்தால் ஆபத்து. அறுந்த முனை, இளைப்பாறி முடித்த தசைக்குள் வளைந்து நுழைந்து சுருளாகச் சுற்றும். அந்தச் சுருள் பலவாக உடைந்தால் இதயம் நடுங்கும், ரத்தத்தைத் தள்ளாது.

ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் நரம்புக்கு எழுதிய 1952-ஆம் ஆண்டுச் சமன்பாடுகளை இதயத்துக்கு மாற்றி, 1960-இல் ஒரு செல்லின் துடிப்பைக் கணினியில் கொண்டுவந்தார் டெனிஸ் நோபிள். ஆனால் சுருளைப் பார்க்க ஒரு செல் போதாது, தசைப் பரப்பு வேண்டும். நான் பரப்பைப் பல்லாயிரம் புள்ளிகளாகப் பிரித்து, 0.02 மில்லிநொடிக்கு ஒருமுறை எல்லாப் புள்ளிகளையும் கணக்கிடுவேன். ஒரு நொடிக்கு 50,000 முறை. புள்ளிகள் விலகியிருந்தால் அலை வேகம் குறையும், சில நேரம் செத்தே போகும். அது நோயல்ல, கணக்கின் பிழை. இடைவெளியைப் பாதியாக்கி மறுபடி ஓட்டி, வேகம் மாறவில்லை என்று பார்க்கும்வரை எந்தப் படத்தையும் நம்பக் கூடாது. படம் எவ்வளவு அழகோ, அவ்வளவு சந்தேகம் வேண்டும்.

இந்தத் துறையில் நான் திரும்பத் திரும்பப் படிப்பது, சீதாப்ர சின்ஹா, ஆஷ்வின் பாண்டே, ராகுல் பண்டிட் மூவரும் 2001-இல் வெளியிட்ட கட்டுரை. அதன் கரு இது: சுருள் வாழக் குறைந்தபட்ச இடம் தேவை. தசைமேல் மின்முனை வலை விரித்து, அதன் கோடுகளில் சிறு மின்னோட்டம் கொடுத்தால் பரப்பு சிறு கட்டங்களாகப் பிரிந்துவிடும். கட்டத்துக்குள் சுருள் தாக்குப்பிடிக்காது. நடுக்கத்தை நிறுத்த முழு இதயத்தையும் மின் பேரதிர்ச்சியால் உலுக்க வேண்டியதில்லை. இது கணினி மாதிரியில் கண்ட முடிவுதான். இருந்தும் அந்தச் சிந்தனையின் தெளிவு என்னை இன்றும் சிலிர்க்கவைக்கிறது. சின்ஹா பிறகு சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்துக்கு வந்தார். 2007-இல் அவரும் ஷாஜஹானும் பண்டிட்டும், மின் அலையைக் கடத்தாத திட்டு ஒன்றைத் தசையில் வைத்துப் பார்த்தார்கள். திட்டின் இடம் சற்று மாறினாலே போதும்: குழப்பம் தொடரலாம், ஒரே சுருள் திட்டைப் பற்றிக்கொண்டு சுற்றலாம், எல்லாம் அடங்கியும் போகலாம்.

மாரடைப்பு விட்டுச்சென்ற வடுவும் அப்படியொரு திட்டுதான். வடுவை ஒரே இடத்தில் வைத்துக் கண்ட முடிவை நான் ஏற்பதில்லை. புள்ளி புள்ளியாக நகர்த்தி, ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஓட்டுகிறேன்.