சமையல் கொட்டகையில் எதற்கு அரோகரா?



வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்கு வருகிறவர்கள் கவனித்திருப்பீர்கள். பின்னால் சமையல் கொட்டகையில் அரை மணிக்கு ஒரு தடவை கைப்பேசி மணி அடிக்கும். உடனே காய் வெட்டுகிற அம்மாமார்கள், நாங்கள், எல்லாரும் "அரோகரா!" என்று சத்தம் போடுவோம். உள்ளே தீபாராதனை எதுவும் நடக்காது. இது என்ன கூத்து என்று போன வாரம் ஒரு ஐயா கோபமாகவே கேட்டுவிட்டார். பதில் கொஞ்சம் நீளம், அதனால் இங்கே எழுதுகிறோம். சாம்பார் அண்ணனிடம் அனுமதி கேட்டாச்சு. "எழுதுங்கடா. ஆனா பேரு போடாதீங்க. பேரு போட்டா போட்டோவும் கேப்பாங்க, அப்புறம் நான் முடிக்குச் சாயம் அடிக்கணும்" என்றார்.

பழைய ஆட்களுக்கு அண்ணனை நன்றாகத் தெரியும். தோட்டம் இருந்த காலத்திலிருந்தே திருவிழாவுக்குச் சாம்பார் அண்டா அவர் பொறுப்பு. பால் மரம் போய் செம்பனை வந்தது, செம்பனையும் போய் தாமான் வந்தது. கோயிலும் அண்டாவும் அண்ணனும் மட்டும் அப்படியே இருந்தோம் என்று அவரே சொல்வார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இரவு ஷிப்ட் முடிந்து சுங்கைப்பட்டாணியிலிருந்து பீடோங் பக்கம் மோட்டாரில் வரும்போது மழையில் சறுக்கி விழுந்தார். முதுகுத் தண்டுவடத்தில் அடி. தொப்புளுக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை.

மூன்றாம் நாள் வார்டுக்குப் போனோம். ஆறு பேர் கட்டிலைச் சுற்றி நிற்கிறோம், ஒருத்தருக்கும் பேச்சு வரவில்லை. எங்களில் ஒருவர், கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, இறுக்கத்தைக் குறைக்க நினைத்து, "அண்ணே, இனிமே உங்களுக்குச் செருப்புக் காசு மிச்சம்" என்று சொல்லிவிட்டார். அண்ணன் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். பார்வை நேரம் முடியும்வரை எங்களைப் பார்க்கவே இல்லை. வீடு வரும்வரை காடியில் யாரும் வாயைத் திறக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு சாயந்திரம் அண்ணனுடைய வலது கால் தானாகத் துள்ளியது. அண்ணி பார்த்துவிட்டார். கால் வந்துவிட்டது என்று எங்கள் எல்லாருக்கும் போன் போட்டார், பால்குடம் எடுப்பதாக நேர்ந்தும் கொண்டார். நாங்களும் ஓடினோம். டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். மூளையிலிருந்து வருகிற கட்டளை அடிபட்ட இடத்தைத் தாண்டிக் கீழே போவதில்லை. கீழே உள்ள தண்டுவடம் மேலே கேட்காமல் தானாகவே தசையை இழுக்கிறது. இது குணமாகிற அறிகுறி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றார். அண்ணி கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதார். எங்களில் யாருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. அப்போது அண்ணன்தான் பேசினார்.

"ஏன் அழுவுற? என் காலுக்கு மட்டும் சாமி வந்திருக்கு. கேட்டா குறி சொல்ல மாட்டேங்குது, அவ்வளவுதான்."

அண்ணி அழுதுகொண்டே சிரித்துவிட்டார். பக்கத்துக் கட்டில் மலாய்க்காரப் பெரியவர் என்ன என்று கேட்க, அவருக்கும் மொழிபெயர்த்துச் சொன்னோம். சிரிப்பு அடங்கியதும் அண்ணன், "ஒரு நிம்மதி, இனிமே கோயில் வாசல்ல என் செருப்பு காணாமப் போகாது" என்றார். அதே செருப்புதான். எங்கள் வாயில் வந்தபோது குத்தியது, அவர் வாயில் வந்தபோது எங்களை உயிரோடு எழுப்பியது. வாசலை உள்ளே இருக்கிறவர்தான் திறக்க வேண்டும் போலிருக்கிறது.

சூப்பர்மேன் படத்தில் நடித்த கிறிஸ்டோபர் ரீவ் 1995 மே மாதம் குதிரையிலிருந்து விழுந்து கழுத்து முறிந்தது, வயதான நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். மூச்சுக்கூட இயந்திரத்தில்தான். அவருடன் ஒன்றாக நடிப்புப் படித்த நண்பர் ராபின் வில்லியம்ஸ், டாக்டர் உடுப்பு மாட்டிக்கொண்டு ரஷ்யக்காரர் மாதிரி பேசிக்கொண்டு அறைக்குள் வந்து, நான் ஆசனவாய் டாக்டர், உடனே சோதிக்க வேண்டும் என்றாராம். விபத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தேன் என்று ரீவ் தன் நூலில் எழுதியிருக்கிறார். அதையும் யோசித்துப் பார்த்தோம். வில்லியம்ஸ் கேலி செய்தது காலையும் கையையும் இல்லை, டாக்டரை.

வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் நடந்த விபத்து என்பதால் சொக்சோ பொறுப்பேற்றது. மலாக்காவில் உள்ள சொக்சோவின் துன் ரசாக் மறுவாழ்வு மையத்தில் அண்ணன் தங்கிப் பயிற்சி எடுத்தார். (நம் பிள்ளைகள் வேலைக்குச் சேரும்போது சொக்சோ கட்டுகிறார்களா என்று தயவுசெய்து கேளுங்கள்.) கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, தோள் பலம், தோலைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அங்கே படித்தார். போன் பண்ணினால், "சாமிக்கு வருஷத்துக்கு ஒரு தடவைதான் வீதி உலா. எனக்குக் காலையிலயும் சாயந்திரமும் வாகனம்" என்பார். "நடராஜர் ஒரு காலைத்தான் தூக்கினாரு, என் ரெண்டு காலையும் தூக்க மூணு பேரு வர்றாங்க" என்பார். குழாய் விட்டுச் சிறுநீர் எடுப்பது பற்றியும் ஒன்று சொன்னார். கோயில் பக்கத்தில் போட முடியாது, நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கு மேல் என்ன வாழ்க்கை என்று அண்ணி ஒருநாள் கேட்டபோது, தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் இருக்கும் ராமகிருஷ்ணன் ஐயாவைப் பற்றிச் சொன்னோம். பொறியியல் படிக்கும்போது, 1975-இல், கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். தனக்கு வைத்தியம் பார்த்த அமர்ஜித் சிங் சாஹல் என்ற டாக்டரின் பெயரில் 1981-இல் அமர் சேவா சங்கம் தொடங்கினார். 2020-இல் பத்மஸ்ரீ. அண்ணன் கேட்டுவிட்டு, "அவரு சங்கம் ஆரம்பிச்சாரு. நான் சாம்பார் ஆரம்பிக்கிறேன்" என்றார்.

ஆரம்பித்தார். திரும்பி வந்த இரண்டாவது வெள்ளியே கொட்டகைக்கு வந்து பூசணிக்காய் வெட்ட உட்கார்ந்துவிட்டார். நாலு மணி நேரம். ஒரே சிரிப்பு. ஐந்தாறு வாரம் அப்படியே போனது. எங்கள் தப்பு அங்கேதான். நாற்காலியில் இருப்பவர் அரை மணிக்கு ஒரு தடவையாவது கையை ஊன்றி உடம்பைத் தூக்கி, பிட்டத்துக்கு ரத்தம் ஓட விட வேண்டும். உணர்வு இல்லாத இடம், வலித்துச் சொல்லாது. அண்ணனுக்கு அது தெரியும். நாங்கள் கேட்கவே இல்லை. தொழிற்சாலையில் ஒரு இயந்திரம் இரண்டு மணி நேரம் விடாமல் ஓடினால் போய்த் தொட்டுப் பார்க்கிறவர்கள் நாங்கள். சிரிக்கிற மனுஷனைப் பார்த்து, நல்லாத்தான் இருக்கிறார் என்று விட்டுவிட்டோம்.

சிவந்திருந்தது, பிறகு புண்ணாகிவிட்டது. அண்ணிதான் கண்டுபிடித்தார். மறுபடியும் ஆஸ்பத்திரி, வாரக்கணக்கில் குப்புறப் படுக்கை. பார்க்கப் போனபோது, "ஏன்ணே தூக்கல?" என்று கேட்டோம். ரொம்ப நேரம் கழித்துத்தான் பதில் வந்தது.

"நடுவுல நிறுத்தித் தூக்குனா எல்லாரும் என்னையே பாப்பீங்க. அந்தப் பார்வை எனக்குப் பிடிக்காது. ஜோக் சொன்னா என் வாயைப் பாப்பீங்க."

அன்று அவர் ஜோக் எதுவும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அண்ணி கொண்டுவந்த கஞ்சியை ஊட்டிவிட்டு, சும்மா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தோம்.

புண் ஆறி அவர் திரும்பி வந்த நாளில்தான் கைப்பேசியில் மணி வைத்தோம். அடித்ததும் முதல் தடவை எல்லாரும் அவரையே பார்த்தோம், அவர் பயந்த மாதிரியே. முகம் சுருங்கியது. அப்போது வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பாட்டி ஒருத்தி, சேவல் கொடியைப் பார்த்த மாதிரி இரண்டு கையையும் தூக்கி "அரோகரா!" என்றார். அண்ணனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே கையை ஊன்றித் தூக்கினார். அன்றிலிருந்து இதுதான் வழக்கம். அண்ணன் ஜோக் பாதியில் இருந்தாலும் மணி அடித்தால் நிறுத்தித் தூக்க வேண்டும், மீதி ஜோக் அப்புறம்.

அந்த ஐயா இதைப் படித்தால், வரும் வெள்ளி ஐந்து மணிக்குக் கொட்டகைக்கு வாருங்கள். கோபம் எதுவும் இல்லை. பெரிய பூசணிக்காய் ஒன்றை அண்ணன் உங்களுக்கென்றே எடுத்து வைத்திருக்கிறாராம், கத்தியோடு.