‘கி’யை விழுங்கும் கலை

‘தகிட தகிட’ என்று சொல்லிக்கொண்டே போய், நடுவில் இருக்கும் ‘கி’யை மட்டும் விழுங்கிவிட வேண்டும். த…ட, த…ட. சிகாகோக்காரர்கள் இதை ஷஃபிள் என்கிறார்கள். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சங்கீதமான ப்ளூஸில் ரிதம் கிடார் பாதி இதோடு முடிந்தது. மீதிப் பாதி, விழுங்கிய ‘கி’ தொண்டையிலேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது. அதை மறந்து வெறுமனே ‘தடதட’வென்று அடித்தால் கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்த மாதிரிதான்.

தலை நரைத்த பிறகு எலக்ட்ரிக் கிடார் வாங்கியவனைப் பார்த்து ஊர் கேட்கும் முதல் கேள்வி, “லீடு வாசிப்பீங்களா?” முன்னால் பாடும் லீடு இல்லை, பின்னால் தாளத்தோடு கார்டு போடும் ரிதம் வாசிக்கிறேன் என்றால் முகம் வாடிவிடுகிறது. அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. ‘இளைய நிலா’வில் ஆர். சந்திரசேகர் வாசித்ததை 1982இலிருந்து தமிழ்நாடே வாயால் வாசித்துக்கொண்டிருக்கிறது.

உண்மையில் நம் காதுக்கு லீடு ஒன்றும் புதிதில்லை. ப்ளூஸ் லீடின் அஸ்திவாரம் ஐந்தே சுரம்: சட்ஜம், சாதாரண காந்தாரம், சுத்த மத்தியமம், பஞ்சமம், கைசிகி நிஷாதம். அப்படியே நம் சுத்த தன்யாசி. கம்பியை விரலால் தள்ளி அடுத்த சுரத்தை எட்டிப் பிடிக்கும் வித்தையும் வீணை கேட்டு வளர்ந்தவர்களை அசத்தாது.

வம்பெல்லாம் லீடுக்குக் கீழே, ரிதத்தில் இருக்கிறது. நமக்கு ஆதார சுருதி ஒன்றே ஒன்று. கச்சேரி முடியும்வரை அது அசையாது. ப்ளூஸில் பன்னிரண்டு பாருக்குள் தரையே இடம் மாறுகிறது. முதல் நான்கு பார் ஈ கார்டு, அடுத்த இரண்டு ஏ, திரும்ப இரண்டு ஈ, ஒன்பதில் பி, பத்தில் ஏ, பதினொன்றில் ஈ, பன்னிரண்டில் பி-யைத் தொட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து. இதற்கு மேல் ஒரு அக்கிரமமும் உண்டு. கீழே கார்டில் அந்தர காந்தாரம் ஒலித்துக்கொண்டிருக்க, மேலே லீடு சாதாரண காந்தாரத்தை வாசிக்கும். நம் பாட்டு வாத்தியார் கேட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார். ப்ளூஸ் குடியிருப்பதே அந்த இரண்டு காந்தாரங்களுக்கும் நடுவில்தான்.

ஈ-யும் ஏ-யும் சாதுக்கள். தடிக் கம்பி தானாக முழங்கும். ஆள்காட்டி விரல் இரண்டாம் ஃப்ரெட்டில் நிற்க, மோதிர விரல் நான்காவதுக்கு வந்து வந்து போனால் போதும். பி-க்குத் திறந்த தடிக் கம்பி கிடையாது. ஆள்காட்டி விரல் ஒரு கம்பியை விடாமல் அழுத்த, மோதிர விரல் பக்கத்துக் கம்பியில் நான்காவதில் நிற்க, சுண்டுவிரல் ஆறாவதுக்கு நீள வேண்டும். சுண்டுவிரலை ஆண்டவன் வேறு எதற்கோ படைத்திருக்கிறான்.

லீடுக்குப் பேர்போன பி. பி. கிங் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று இருந்துவிட்டார். 1988இல் வந்த ‘ரேட்டில் அண்ட் ஹம்’ படத்தில், தனக்குக் கார்டெல்லாம் வராது என்று யு2 குழுவிடம் கூசாமல் சொல்கிறார். அதைப் பின்னால் இருப்பவர்கள் பார்த்துக்கொண்டார்கள். மடி வாட்டர்ஸுக்குப் பின்னால் ஜிம்மி ரோஜர்ஸ். ஜிம்மி ரீடுக்குப் பின்னால் எடி டெய்லர். பின்னால் இருப்பவர் பெயரை யார் கேட்கிறார்கள்?

பெயரே இல்லாதவர் ஒருவரும் இருக்கிறார். டபிள்யூ. சி. ஹேண்டி 1941இல் எழுதிய சுயசரிதையில் வருகிறார். ஹேண்டி முறையாகச் சங்கீதம் படித்தவர், பேண்டு நடத்தியவர். 1903 வாக்கில் மிசிசிப்பியில் டட்வைலர் என்ற சின்ன ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கிறார். ரயில் ஒன்பது மணி நேரம் தாமதம். கண்ணயர்ந்தவர் விழித்துப் பார்த்தால், பக்கத்தில் கந்தல் உடுத்திய, ஒல்லியான கறுப்பினத்தவர் ஒருவர். பாதங்கள் ஷூவுக்கு வெளியே எட்டிப் பார்க்கின்றன. கத்தி ஒன்றைக் கம்பிமேல் அழுத்தி வாசித்துக்கொண்டே, இரண்டு ரயில் பாதைகள் குறுக்கிடும் ஊருக்குப் போவதைப் பற்றி ஒரே வரியை மூன்று தடவை பாடுகிறார். அர்த்தம் என்னவென்று ஹேண்டி கேட்க, இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி கண்ணை உருட்டுகிறார். 

என்னைப் பிடித்துக்கொண்டது அந்த ஒன்பது மணி நேரம். எங்கள் கள்ளக்குறிச்சிக்காரர்கள் ரயில் பாதைக்கே வருஷக்கணக்காகக் காத்திருந்தவர்கள். சின்னசேலம் போய் வண்டி ஏறிப் பழகியவர்கள். அன்றைக்கு டட்வைலருக்கு வண்டி நேரத்துக்கு வந்திருந்தால் ஹேண்டி அதில் ஏறிப் போயிருப்பார். 1912இல் ‘மெம்பிஸ் ப்ளூஸ்’ அச்சிட்டு, ப்ளூஸின் தந்தை என்று பெயர் வாங்கியும் இருப்பார். நமக்குத்தான் அந்தக் கத்திக்காரர் கிடைத்திருக்க மாட்டார். இந்தச் சங்கீதத்துக்கு ரயில்வே செய்த தொண்டை யாரும் பாராட்டுவதில்லை.

கத்திக்காரருக்கு லீடும் ரிதமும் ஒரே ஆள்தான். குரல் ஒரு வரி சொல்லும், கம்பி பதில் சொல்லும். வேலையை இரண்டாகப் பிரித்தது நகரத்துச் சத்தம். மிசிசிப்பியின் ஸ்டோவால் பருத்திப் பண்ணையில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த மடி வாட்டர்ஸ் 1943இல் சிகாகோ போனார். சாராயக்கடைக் கூச்சலில் மரக் கிடார் யார் காதிலும் விழவில்லை, கரண்டில் சொருகினார். அந்தப் பருத்திப் பண்ணைகளில் உழைப்பு ஒருவருடையது, விளைச்சல் வேறொருவருடையது. 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்த எங்கள் கல்வராயன் மலைக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சத்தத்துக்கு எனக்கும் பஞ்சமில்லை. பக்கத்தில் அரிசி ஆலை. ஆனால் ரிதம் போட்டுத்தர இன்னொரு ஆள் இல்லை. என் ரிதத்தை நானே போனில் பதிந்து, அதன்மேல் நானே லீடு வாசிக்கிறேன். கூத்தில் வேஷக்காரன் பாடிவிட்டு, ஓடிப்போய்ப் பின்பாட்டுக்காரர்களோடு நின்று அதே அடியைத் திருப்பிப் பாடுகிற பிழைப்பு.

கூத்துக்கு ஹார்மோனியம் வாசிக்கும் அண்ணன் ஒருவர் மலையடிவாரத்திலிருந்து அரிசி ஆலைக்கு வந்தவர், சத்தம் கேட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். விரலால் தொடையில் ‘தகிட’ போட்டுப் பார்த்தார். ‘கி’ எங்கே போனது என்று உடனே பிடித்துவிட்டார். பன்னிரண்டு பார் திரும்பத் திரும்ப வருவதை, கூத்தில் வேஷம் வருமுன் முழங்கும் களரி மேளத்தைக் கேட்பதுபோலப் பொறுமையாகக் கேட்டார்.

“களரி நல்லாத்தான் கட்டுற. ராஜா எப்ப வருவாரு?”

“வருவாரு அண்ணே. அதுவரைக்கும் இதை நிறுத்தக் கூடாது.”

“அப்ப கட்டியங்காரனையாவது அனுப்பு தம்பி. விடிஞ்சிரப் போவுது.”