ஏறுவதற்கு ஒரு கல்

டிரைவிங் லைசென்ஸ் எடுத்து ஆறு வருஷம். கார் வாங்கி நாலு வருஷம். ஆனால், கார் வாசலில்தான் நிற்கிறது.

வாங்கிய முதல் வாரம் ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு தள்ளுவண்டியை இடித்துவிட்டேன். தக்காளி தெரு முழுக்க உருண்டது. ரிவர்ஸ், மேடு, டிராஃபிக் எல்லாம் பழகிய பிறகுதான் இனி சாவியைத் தொடுவது என்று முடிவு செய்தேன். ஓட்டாமல் எப்படிப் பழகும் என்று யோசிக்கவில்லை. பி.காம். புத்தி சார்! டிரயல் பேலன்ஸில் ஒரு ரூபாய் இடித்தாலும் மொத்தக் கணக்கும் தப்பு. இப்படித்தான் நீச்சல் மூணே நாளில் நின்றது. இந்தி அதற்கும் முன்னால்.

போன வருஷம் அம்மாவுக்கு மூட்டுவலி. ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

“வாசல்ல நிக்கிற காரு எதுக்குடா?”

“இன்னும் சரியா ஓட்ட வரலம்மா.”

“எனக்கு மட்டும் சைக்கிள் சரியா வந்துச்சா?”

அம்மாவுக்குப் பிறந்த வீடு புதுக்கோட்டைப் பக்கம். 1990-களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, ஆண்கள் சைக்கிளில் ஏறினார்கள். முன்னால் பிள்ளையை உட்காரவைக்க அந்த பார் கம்பிதான் வசதி என்று சொன்னவர்களும் உண்டு.

1992-ல் அம்மாவும் தன் அண்ணியிடம் பத்து நாள் பழகிவிட்டு வந்தாள். ஓட்ட வந்தது, ஏற வரவில்லை. கடைசிவரைக்கும் வரவில்லை. ஏதாவது ஒரு கல் மேல் நின்றுதான் ஏறுவாள். எங்கள் வீட்டிலிருந்து பால் சொசைட்டி வரைக்கும் எங்கெங்கே கல் இருக்கிறது, எங்கே மதகுக் கட்டை இருக்கிறது என்று அவளுக்கு மனப்பாடம். வழியில் இறங்க நேர்ந்தால், அடுத்த கல் வரைக்கும் தள்ளிக்கொண்டு நடப்பாள். பதினைந்து வருஷம் இப்படித்தான் பால் ஊற்றினாள். என் பி.காம். ஃபீஸ் அந்தக் கேனில் இருந்துதான் வந்தது.

ஏறக் கற்ற பிறகுதான் ஓட்டுவேன் என்று அவள் உட்கார்ந்திருந்தால்?

“வாரத்துக்கு ரெண்டு நாள் என்னை சிறுவாச்சூருக்குக் கூட்டிட்டுப் போ, போதும்” என்றாள். பெரம்பலூரிலிருந்து பக்கம்தான். மதுரகாளியம்மன் கோயில் நடை வழக்கமாகத் திங்கள், வெள்ளியில்தான் திறக்கும்.

“ரெண்டு நாள் ஓட்டினா வந்துடுமா?”

“அவளே ரெண்டு நாள்தான் கதவைத் திறக்கறா. அதுக்காக அவளை அரைகுறை சாமின்னு யாராச்சும் சொல்றாங்களா?”

இப்போது திங்கள், வெள்ளி காலையில் கிளம்புகிறோம். இடது ஓரமாக, நாற்பதைத் தாண்டாமல். நடுவில் இரண்டு வாரம் ஆபீஸ் வேலையில் விட்டுப்போனது. மூன்றாவது வாரம் மறுபடி சாவியை எடுத்தேன். எனக்கே ஆச்சரியம்.

ரிவர்ஸ் இன்னும் வரவில்லை. திரும்பி வர வசதியாக எங்கே அகலமான இடம் இருக்கிறது என்று மட்டும் எனக்கு இப்போது மனப்பாடம்.